பனிநாட்டுக்குப் பெட்டி கட்டுதல்

நெடுந்தீவில் இருந்து பனிக்காலத்தில் புறப்படுவோருக்கான அத்தியாயம்

மகளின் பிள்ளைப்பேறு, பேரனின் முதற் பிறந்தநாள், பெறாமகளின் கலியாணம், நத்தார், தைப்பொங்கல். நெடுந்தீவாரைக் கனடாவுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் நோர்வேக்கும் இலண்டனுக்கும் அழைக்கிற காரணங்கள் இவைதாம். அவற்றில் பல மார்கழியிலும் தையிலும் வருகின்றன. பள்ளிக்கூட விடுமுறையும் வேலைத்தல விடுமுறையும் அப்போதுதான் ஒன்றாகக் கிடைக்கின்றன. ஆகவே வாழ்நாள் முழுவதும் வெயிலும் உப்புக் காற்றும் பழகிய ஓர் உடம்பு, ஆண்டின் மிகக் கடுமையான மாதத்தில் பனிநாட்டில் போய் இறங்குகிறது.

தொலைபேசியில் பிள்ளைகள் சொல்வது ஒன்றே: "ஒண்டும் கொண்டுவராதேங்கோ அம்மா, நீங்கள் வந்தாக் காணும்." அம்மா கேட்பதில்லை. கருவாடும் ஒடியல் மாவும் பெட்டியில் ஏறுகின்றன. யாழ்ப்பாணத்துக் கடையில் வாங்கிய கனத்த கோட்டு ஒன்று பாதிப் பெட்டியை விழுங்குகிறது. பிரஷர் மருந்து அடியில் போய்விடுகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம். விதி எளிது. உடம்போடு ஒட்டுகிற உடுப்பை இங்கிருந்து கொண்டு போங்கள். வெளியே போர்த்துகிற கனத்த உடுப்பை அங்கே பெற்றுக்கொள்ளுங்கள். மருந்தும் பத்திரமும் உங்கள் கையை விட்டு ஒரு நிமிடமும் போகக் கூடாது.

எந்த நாடு, எவ்வளவு குளிர்

யாழ்ப்பாணத் தீவுகளில் தை மாத விடியற்காலைகூட ஏறத்தாழ 22 பாகை செல்சியசுக்குக் கீழே அதிகம் இறங்குவதில்லை. ரொறன்ரோவில் தை மாதப் பகல் பூச்சியத்தை ஒட்டியும் இரவு –8 பாகை வாக்கிலும் இருக்கும். கடுங்குளிர் நாட்களில் –20 வரையும் இறங்கும். மொன்றியல் அதைவிடக் குளிர். ஒஸ்லோவின் தை மாதச் சராசரி பூச்சியத்துக்குச் சில பாகை கீழே. சூரிச் நகரில் பூச்சியத்துக்கு ஒரு பாகை மேலே கீழே. ஆனால் மலைப்பக்கம் ஏறினால் பனி ஆழமாகக் கிடக்கும். இலண்டனில் பனி விழுவது அரிது. அங்கே ஈரமும் மழையுமே எதிரி. ஆகவே இலண்டன் போகிறவருக்கு மழை புகாத மேலங்கி முக்கியம். ரொறன்ரோ போகிறவருக்குக் காற்றுப் புகாத மேலங்கியும் பனிச் சப்பாத்தும் முக்கியம். "வெளிநாடு" என்று எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி கட்டாதீர்கள்.

வெப்பமானி காட்டுகிற எண்ணைவிடக் காற்று பெரிது. இதை நெடுந்தீவாருக்கு விளக்கத் தேவையில்லை. வாடைக் காற்று வீசும் நாளில் குறிகட்டுவானுக்குப் போகும் படகின் மேல்தட்டில் நனைந்த சட்டையோடு நின்றவருக்கு, அதே வெப்பநிலையில் படகுக்குள் இருந்தவரைவிட எவ்வளவு குளிர்ந்தது என்று தெரியும். உடம்பைச் சுற்றி உடம்பே சூடாக்கி வைத்திருக்கும் மெல்லிய காற்றுப் படையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுகிறது. கனடாவில் இதற்கெனத் தனி எண்ணே சொல்கிறார்கள். வெப்பநிலை –10 பாகையாக இருக்கும்போது மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் காற்று வீசினால், தோலுக்கு அது –20 போல இருக்கும். அந்தக் காற்றுக்குளிர் எண் –28ஐத் தாண்டினால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். வானிலை பார்க்கும்போது வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் இந்த எண்ணையும் பிள்ளைகளிடம் கேட்டறியுங்கள்.

வெளிச்சமும் குறைவு. மார்கழி இறுதியில் ரொறன்ரோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஒஸ்லோவில் பகல் ஆறு மணித்தியாலந்தான். இருட்டில் நடப்பதற்கு வெளிர் நிற மேலங்கி நல்லது; மேலங்கியில் ஒட்டும் ஒளிதெறிக்கும் பட்டி நோர்வேயில் மிகச் சாதாரணம். கிடைத்தால் வெட்கப்படாமல் அணியுங்கள்.

மூன்று அடுக்கு

குளிரைத் தடுப்பது துணியின் கனம் அன்று. அடுக்குகளுக்கிடையே அகப்படும் காற்று. ஒரே தடித்த உடுப்பைவிட மூன்று மெல்லிய உடுப்பு கூடுதலாகக் காக்கும். வேண்டும்போது ஒன்றைக் கழற்றவும் முடியும்.

முதல் அடுக்கு, தோலோடு ஒட்டும் உள்ளுடுப்பு. தேர்மல் என்று கேட்டு வாங்குங்கள்: நீண்ட கை உள்சட்டை, கணுக்கால் வரையான உட்களிசான். இதன் வேலை வியர்வையைத் தோலில் இருந்து அகற்றுவது. பருத்தி வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். ஈரத் துணி உடம்பின் சூட்டை இழுத்துவிடும். நம் வெயிலுக்குப் பருத்தியைப்போல் வேறில்லை. பனியில் தோலோடு ஒட்டுவதற்கு மட்டும் அது கூடாது. மெரினோ கம்பளியோ செயற்கை நூலோ சிறந்தது.

இரண்டாம் அடுக்கு, சூட்டைப் பிடித்து வைப்பது. கம்பளிச் சுவெட்டர், அல்லது பிளீஸ் எனப்படும் மயிர் வைத்த மெல்லிய மேற்சட்டை. முன்பக்கம் சிப் வைத்ததாக இருக்கட்டும். தலையால் கழற்றும் சுவெட்டர், தோள் பிடிப்புள்ள வயதானவர்களுக்குத் தொல்லை.

மூன்றாம் அடுக்கு, காற்றையும் ஈரத்தையும் மறிக்கும் மேலங்கி. தொடையின் பாதி வரை நீளம், தலைமூடி, கழுத்துவரை ஏறும் சிப், கையுறையோடும் இழுக்கக்கூடிய பெரிய சிப் நாக்கு ஆகிய நான்கும் இருக்க வேண்டும். உள்ளே சுவெட்டரோடு போட்டுப் பார்த்து, கையை முன்னே நீட்டும்போது இறுக்காத அளவில் எடுங்கள். இறுக்கினால் உள்ளே காற்று நிற்க இடமில்லை. விலை கொடுத்தும் பயனில்லை.

வீட்டுக்குள் இந்தக் கதை முழுவதும் மாறிவிடும். அங்கே வீடுகளைச் சுமார் 20, 21 பாகையில் வைத்திருப்பார்கள். கடைகளும் பஸ்களும் அதைவிடச் சூடாக இருக்கலாம். உள்ளே போனவுடன் மேலங்கியைக் கழற்றுங்கள். வியர்த்தபடி மீண்டும் வெளியே வருவதே குளிர் பிடிக்கும் வழி.

கால், கை, தலை

செருப்போடும் வெறுங்காலோடும் வாழ்ந்தவர்களின் பாதம் முன்பக்கம் அகன்றிருக்கும். கடையில் எண் சரியாக இருந்தாலும் சப்பாத்து விரல்களை நெரிக்கும். நெரித்தால் இரத்த ஓட்டம் குறைந்து விரல்தான் முதலில் விறைக்கும். ஆகவே புறப்படுவதற்குச் சில கிழமைகளுக்கு முன்பே ஒரு வேலை செய்யுங்கள். பின்னேரத்தில், தடித்த மேஸ் போட்டுக்கொண்டு, வெள்ளைத் தாளில் ஏறி நின்று இரண்டு பாதத்தையும் பென்சிலால் சுற்றி வரையுங்கள். நீளத்தையும் அகலத்தையும் அடிமட்டத்தால் அளந்து எழுதி, படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மார்பு, இடுப்பு, கை நீள அளவுகளையும் கூடவே அனுப்பினால், மேலங்கியும் சப்பாத்தும் நீங்கள் இறங்குமுன் அங்கே தயாராக இருக்கும்.

பனிச் சப்பாத்து கணுக்காலுக்கு மேல் ஏற வேண்டும். அடிப்பாகம் ஆழமாக வெட்டிய றப்பராக இருக்க வேண்டும். உள்ளே ஒரு விரல் அகல இடம் மிஞ்ச வேண்டும். கட்டு வைத்ததைவிடப் பக்கச் சிப் வைத்தது நல்லது. வீட்டு வாசலில், கோயிலில், உறவினர் வீட்டில் என்று ஒரு நாளைக்குப் பல தடவை கழற்றிப் போட வேண்டியிருக்கும். தெருப்பனியைக் கரைக்க உப்புத் தூவுவார்கள். அது தோற் சப்பாத்தில் வெள்ளையாகப் படிந்து தோலை வெடிக்க வைக்கும். வினாகிரியும் தண்ணீரும் கலந்து துணியால் துடைத்தால் போய்விடும்.

மேஸ் நான்கு சோடி போதும். இரண்டு கம்பளி, இரண்டு மெல்லியது. ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சோடி போட்டுச் சப்பாத்துக்குள் காலைத் திணிக்காதீர்கள். கைக்கு, விரல் பிரிந்த கையுறையைவிட விரல்கள் ஒன்றாகக் கிடக்கும் பை வடிவக் கையுறையே சூடு; விரல்கள் ஒன்றையொன்று சூடாக்கும். தலைக்குக் காதை மூடும் கம்பளித் தொப்பி. கழுத்துக்குச் சால்வையைவிட, தலையால் மாட்டும் வளையத் துணி பாதுகாப்பு. அவிழ்ந்து விழாது, நகரும் படிகளில் சிக்காது. மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் உள்ளே நுழையும்போது கண்ணாடி புகாரேறும். வாசலிலே ஒரு நிமிடம் நின்று துடைத்துவிட்டு நடவுங்கள். புதுப்பனி சூரியனின் புறஊதாக் கதிரில் 80 வீதம் வரை திருப்பி அடிக்கும். கறுப்புக் கண்ணாடி ஆடம்பரமன்று. கண்ணில் வெள்ளை வெட்டியவர்கள் கட்டாயம் கொண்டு போங்கள்.

எதை எங்கே வாங்குவது

தேர்மல் உள்ளுடுப்பு இரண்டு சோடி, மெல்லிய சுவெட்டர் ஒன்று, தொப்பி, மேஸ் ஆகியவற்றை இங்கே வாங்கலாம். யாழ்ப்பாண நகரத்துத் துணிக்கடைகளிலும் கொழும்பு புறக்கோட்டையிலும் கிடைக்கும். நுவரெலியாப் பக்கம் போக நேர்ந்தால் அங்கே குளிர் உடுப்புக் கடைகள் உண்டு. ஏற்றுமதிக்காகத் தைத்த ஜக்கெற்றுகளும் அங்கே வருகின்றன. ஆனால் –20 பாகைக்கான மேலங்கியையும் பனிச் சப்பாத்தையும் இங்கே தேடி அலைய வேண்டாம். பார்வைக்குத் தடித்திருக்கும் ஜக்கெற் காற்றை மறிக்குமா என்பதை 30 பாகை வெயிலில் நின்று சோதிக்க வழியில்லை. நிறையும் இடமும் வேறு.

அங்கே புதிதாகத்தான் வாங்க வேண்டும் என்றும் இல்லை. ரொறன்ரோவில் வலியூ விலேஜ் போன்ற பழைய உடுப்புக் கடைகளிலும், சுவிஸில் புரொக்கன்ஹவுஸ் எனப்படும் பழம்பொருட் கடைகளிலும், நோர்வேயில் பிரெடெக்ஸ் கடைகளிலும், இலண்டனில் தருமக் கடைகளிலும் தரமான மேலங்கி குறைந்த விலையில் கிடைக்கும். இரண்டு மாதம் போடப்போகும் உடுப்புக்கு இதுவே அறிவான வழி. உறவினர் வீடுகளில் மேலதிக மேலங்கி தொங்குவதும் வழக்கம். இரவல் கேட்பதில் குறைவில்லை.

சேலையும் வேட்டியும்

வீட்டுக்கு மூன்று சோடி உடுப்புப் போதும். தோய்க்கும் இயந்திரம் பெரும்பாலான வீடுகளிலும் உலர்த்தும் இயந்திரம் பலவற்றிலும் உண்டு. கம்பளியை மட்டும் உலர்த்தியில் போட விடாதீர்கள். சிறுபிள்ளைச் சட்டையாகச் சுருங்கிவிடும். சூடாக்கிய வீட்டுக் காற்று வரண்டது. நைலக்ஸ் போன்ற செயற்கைத் துணி உடம்போடு ஒட்டும், கதவுப்பிடியைத் தொட்டால் சிறிய மின்னதிர்ச்சி தரும். வீட்டுக்கு நூற்சேலையும் பருத்திச் சட்டையும் சுகம்.

விசேடத்துக்கு இரண்டு நல்ல சேலை, ஒரு வேட்டி சால்வை கொண்டு போங்கள். கனடாவில் 2016இல் நாடாளுமன்றம் சனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றது. அந்த மாதம் முழுவதும் மண்டபங்களில் விழாக்கள் நடக்கும். சேலை உடுத்தே போகலாம். உட்பாவாடைக்குள் தேர்மல் உட்களிசான், மேற்சட்டைக்குள் நீண்ட கை உள்சட்டை, மேலே நீள மேலங்கி, காலில் பனிச் சப்பாத்து. நல்ல செருப்பைப் பையில் எடுத்துப்போய் மண்டபத்தில் மாற்றுங்கள். கரை சேற்றுப் பனியில் தோயாமல் சேலையை நாலு விரல் உயர்த்திக் கட்டி, உள்ளே போனபின் இறக்கிவிடலாம். தாலிக்கொடியும் சங்கிலியும் உடுப்புக்குள் கிடக்கட்டும். உலோகம் குளிரை நேரே தோலுக்குக் கடத்தும். ரிச்மண்ட்ஹில் கோயிலுக்கோ சூரிச் பக்கத்து அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்கோ போகும்போது கைப்பையில் ஒரு சோடி சுத்தமான மேஸ் வைத்திருங்கள். வாசலில் சப்பாத்தைக் கழற்றும் இடத்துத் தரை ஈரமாகவே இருக்கும்.

மருந்து

இதில் சிக்கனம் வேண்டாம். நெடுந்தீவு வைத்தியசாலையிலோ யாழ். போதனா வைத்தியசாலையிலோ கிளினிக் போகிறவர்கள், புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே வைத்தியரிடம் பயணத்தைச் சொல்லுங்கள். மருந்தின் பொதுப்பெயர், அளவு, எத்தனை வேளை என்பவற்றை ஆங்கிலத்தில் எழுதிய துண்டை வாங்குங்கள். கிளினிக் கொப்பியின் எல்லாப் பக்கத்தையும் கைபேசியில் படம் எடுங்கள். கனடாவுக்கு ஒருவர் தம் பாவனைக்காக 90 நாள் மருந்து வரை கொண்டு போகலாம். கடதாசிப் பைக்குள் கொட்டிய வெள்ளைக் குளிசை அங்கே யாருக்கும் எதையும் சொல்லாது. குளிசைகள் கம்பனி அட்டையிலேயே இருக்கட்டும்.

இன்சுலின் போடுகிறவர்கள் அதைச் சரக்குப் பெட்டியில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலின் கெட்டுவிடும். கைப்பையில் வையுங்கள், வெளியே நடக்கும்போது மேலங்கியின் உட்பையில், உடம்போடு வையுங்கள். இழுப்புக்கு இன்ஹேலர் பாவிக்கிறவர்களுக்கும் அதே விதி. குளிர் இரத்த அழுத்தத்தைக் கூட்டும். இருதய வருத்தக்காரர் பனி அள்ளும் சவளைத் தொடவே கூடாது. மருமகன் பனி அள்ளுவதைப் பார்த்து உதவப் போவது அன்புதான். ஆனால் பழகாத உடம்பு குளிரில் திடீரென்று அப்படி உழைப்பதுதான் மாரடைப்புக்கு வழி. நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் சுடுநீர்ப் போத்தலையோ சூட்டுப் பையையோ காலில் வைக்க வேண்டாம். சுடுவதும் தெரியாது, பொங்குவதும் தெரியாது. புறப்படுமுன் தடிமன் காய்ச்சல் தடுப்பூசி பற்றி வைத்தியரைக் கேளுங்கள்.

தோல் வெடிப்பும் மூக்கு வரட்சியும் முதற் கிழமையிலேயே வரும். நல்லெண்ணெய்ச் சிறு போத்தல் ஒன்று பெரிய உதவி. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே கட்டியாகிவிடும். கெட்டுவிட்டதென்று எறிய வேண்டாம், போத்தலைச் சுடுநீரில் நிறுத்தினால் உருகும். சித்தாலேப, சமஹன் போன்றவை கம்பனிப் பொதியில் இருப்பதால் சிக்கலில்லை. பெயரில்லாத சூரணப் பொட்டலமும் கசாயத் தூளும் வேண்டாம்.

சாப்பாட்டுச் சாமான்

இங்கேதான் பெட்டி நிறைகிறது. இங்கேதான் சுங்கத்திலும் பிடிபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம், நோர்வே, சுவிஸ், பிரித்தானியா எங்கும் நம் நாட்டில் இருந்து இறைச்சியும் பாற்பொருளும் கொண்டு போகக் கூடாது. நெய்யும் இதற்குள் வரும். ஐரோப்பிய ஒன்றியத்திலும் சுவிஸிலும் தாவரச் சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடும் புதுப் பழங்கள் ஐந்தே: அன்னாசி, தேங்காய், வாழைப்பழம், பேரீச்சை, துரியன். மாம்பழமும் வெற்றிலையும் கறிவேப்பிலையும் அந்த ஐந்தில் இல்லை. எந்த நாட்டுக்கும் மண்ணோ வேரோடு கன்றோ கொண்டு போகாதீர்கள். முருங்கை விதையும் வேண்டாம். ஸ்காபரோத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய் கிடைக்கும்.

கருவாடு மீன்வகையில் சேரும். அளவோடு கொண்டு போகலாம். கனடாவிலும் ஐரோப்பாவிலும் சொந்தப் பாவனைக்கு 20 கிலோ வரை என்பது பொது வரம்பு. அவ்வளவு தேவையில்லை. நன்றாகக் காய வைத்து, வெற்றிடப் பொதியாகவோ மூன்று மடிப்புப் பொலித்தீனிலோ கட்டி, உடுப்பில் மணம் ஏறாமல் மூடியுள்ள பிளாஸ்ரிக் பேணியில் வையுங்கள். ஒடியல் மா, பனங்கட்டி, புழுக்கொடியல், வறுத்து இடித்த மிளகாய்த்தூள் என்பவை பிள்ளைகள் கேட்கிற சாமான்கள். ஒவ்வொரு பொதியிலும் பெயரை ஆங்கிலத்தில் எழுதி ஒட்டுங்கள். வெள்ளை ஒடியல் மாவைப் பெயரில்லாமல் கொண்டு போய்ச் சுங்க அதிகாரிக்கு மொழி தெரியாமல் விளக்குவது கடினம்.

எல்லாவற்றிலும் பெரிய விதி: உணவு இருக்கிறதா என்று கேட்டால் "ஓம்" என்று சொல்லுங்கள். கனடாவில் சொல்லி எடுத்துக்கொடுத்த பொருளை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். மறைத்தால் 1,300 டொலர் வரை தண்டம். 10,000 டொலர் அல்லது அதற்கு மேல் காசு வைத்திருந்தாலும் அறிவிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது 10,000 யூரோ.

கைப்பை

சரக்குப் பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் நீங்கள் உயிர்ச் சுகமாக வீடு போய்ச் சேர வேண்டும். கைப்பையை அந்தக் கணக்கில் கட்டுங்கள். கடவுச்சீட்டு, விசாக் கடிதம், காப்புறுதிப் பத்திரம், பிள்ளையின் முகவரியும் தொலைபேசி எண்ணும் ஆங்கிலத்தில் எழுதிய தாள் இரண்டு பிரதி, பத்து நாள் மருந்தல்ல, எல்லா மருந்தும், மேலதிக மூக்குக்கண்ணாடி, ஒரு சோடி தேர்மல், சுவெட்டர், தொப்பி, கையுறை, மேஸ். கனடாவின் சூப்பர் விசாவுக்கு ஒரு வருடத்துக்குக் குறையாத, குறைந்தது 100,000 கனடிய டொலர் மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ. அந்தப் பத்திரம் பெட்டிக்குள் கிடந்தால் பயனில்லை.

பவர்பாங்க் கைப்பையில் மட்டுமே போகலாம். 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட எண்ணெய்ப் போத்தலும் சம்பல் போத்தலும் கைப்பையில் போகாது. கனடா மின்சாரம் 120 வோல்ற்று. கைபேசி சார்ஜர் வேலை செய்யும், நம் ஸ்திரிக்கைப் பெட்டியும் கேத்தலும் வேலை செய்யா. அங்கே தட்டை இருமுள் பிளக். சுவிஸ், நோர்வே வேறு வடிவம். இலண்டனுக்கு நம் சதுரமுள் பிளக்கே போதும். வெளிக்குளிரில் கைபேசிப் பற்றரி விரைவாக இறங்கும். அதையும் உட்பையில் வையுங்கள்.

பயணத்துக்குச் செருப்பு வேண்டாம், மூடிய சப்பாத்து. கட்டுநாயக்காவில் மெல்லிய உடுப்போடு ஏறுங்கள். இடைத்தங்கலிலோ, விமானம் இறங்க இரண்டு மணித்தியாலம் இருக்கும்போதோ கழிவறையில் தேர்மலைப் போட்டுக்கொள்ளுங்கள். விமான நிலைய வாசலில் பிள்ளைகள் மேலங்கியோடும் சப்பாத்தோடும் நிற்க வேண்டும் என்று முன்பே சொல்லி வையுங்கள். வாகனம் நிறுத்திய இடம் வரை நடப்பதே முதற் குளிர்.

தீவை விட்டு வெளிக்கிடுதல்

பெருநிலத்து ஊராருக்கு இல்லாத ஒரு கணக்கு நெடுந்தீவாருக்கு உண்டு: கடல். கார்த்திகை, மார்கழியில் வாடை பலத்தால் படகுச் சேவை நிற்கும். விமானத்துக்கு முதல்நாள் மாவிலித்துறையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். குறைந்தது மூன்று நாள் முன்பே தீவை விட்டு, யாழ்ப்பாணத்தில் உறவினர் வீட்டில் தங்குங்கள். பெட்டியைக் கடைசியாகக் கட்டுவதும் அங்கேயே நடக்கட்டும்.

குறிகட்டுவான் வரை ஒரு மணித்தியாலக் கடற்பயணத்தில் தண்ணீர் தெறிக்கும். பெட்டியைத் தடித்த பொலித்தீனால் சுற்றிக் கட்டுங்கள். உள்ளேயும் உடுப்பைப் பொலித்தீன் பையில் வையுங்கள். உப்புத் தண்ணீர் ஏறிய கம்பளி காய்ந்தாலும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பெரிய பெட்டியைவிட இரண்டு நடுத்தரப் பெட்டி நல்லது. படகில் ஏற்றவும், புங்குடுதீவு, வேலணை வழியாகப் பஸ்ஸில் பண்ணைப் பாலம் கடக்கவும், கொழும்பு இரவு பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற்றவும் அதுவே கைக்கு அடங்கும். துறையில் சில்லு உருளாது; பக்கக் கைபிடி உறுதியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். விமானக் கம்பனிகள் பலவும் ஒரு பெட்டிக்கு 23 கிலோ விடுகின்றன. உங்கள் சீட்டில் எழுதியதைப் படித்து, கடைத் தராசில் நிறுத்து, ஒரு கிலோ குறைவாகவே கட்டுங்கள். திரும்பும்போது அவர்கள் கட்டித்தரும் சாமானுக்கும் இடம் வேண்டுமே.

பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு சொல்: காரில் பிள்ளையின் இருக்கைப் பட்டியைத் தடித்த மேலங்கிக்கு மேல் கட்டக் கூடாது. மோதலில் மேலங்கி நசுங்கிப் பட்டி தளர்ந்துவிடும். மேலங்கியைக் கழற்றிக் கட்டி, மேலே போர்வை போடுங்கள்.

போய்ச் சேர்ந்தபின்

முதல் இரண்டு நாள் நடை வேண்டாம். பிறகும் தனியே வேண்டாம். தெருவில் மினுங்கும் கறுப்பு இடம் ஈரமல்ல, கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி. குறுகிய அடியாக, பாதம் முழுவதும் பதியும்படி, கையைப் பொக்கற்றுக்குள் விடாமல் நடவுங்கள். விரல், காது, மூக்கு வெளிறி மரத்தால் உள்ளே போங்கள். தேய்க்க வேண்டாம், நெருப்பில் காட்ட வேண்டாம், இளஞ்சூட்டு நீரில் வையுங்கள். உணர்வு திரும்பாவிட்டால் வைத்தியரிடம் போங்கள். அவசர எண் கனடாவில் 911, பிரித்தானியாவில் 999, நோர்வே அம்புலன்சுக்கு 113, சுவிஸ் அம்புலன்சுக்கு 144. ஐரோப்பா எங்கும் 112.

கட்டுமுன் ஒரு தடவை பாருங்கள்

கைப்பையில்: கடவுச்சீட்டு, விசா, காப்புறுதி, முகவரித் தாள், எல்லா மருந்தும் துண்டும், மூக்குக்கண்ணாடி, கைபேசி, சார்ஜர், ஒரு சோடி குளிர் உடுப்பு.

பெட்டியில்: தேர்மல் இன்னொரு சோடி, வீட்டுடுப்பு மூன்று, விசேட உடுப்பு இரண்டு, மேஸ் மூன்று, கறுப்புக் கண்ணாடி, வீட்டுக்குள் போடும் செருப்பு, நல்லெண்ணெய், பெயர் எழுதிய உணவுப் பொதிகள்.

பிள்ளைகளிடம்: மேலங்கி, பனிச் சப்பாத்து, தடித்த கையுறை.

விட்டுவிட: இறைச்சி, பாற்பொருள், புது இலை, விதை, மண், பெயரில்லாத தூள், மின்கேத்தல், கனத்த கோட்டு.

திரும்பி வரும்போது மேலங்கியையும் சப்பாத்தையும் தீவுக்குக் கொண்டுவர வேண்டாம்; உப்புக் காற்றில் சிப் துருப்பிடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். தோய்த்து, அளவை ஒரு தாளில் எழுதி ஒட்டி, அங்கே பிள்ளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். அடுத்த மார்கழியில் நெடுந்தீவில் இருந்து போகிற இன்னொரு அம்மாவுக்கோ ஐயாவுக்கோ அது தேவைப்படும். அவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.